கட்டை விரலுக்கு முப்பது: தோல் நகரங்களில் ஊன மதிப்பீடும் மேல்முறையீடும்

ஒரு தொழிலாளியின் கட்டை விரல் முழுதாகப் போய்விட்டால் அவருடைய சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்கிறது சட்டம். ஆட்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலா 7. எலும்பு போகாமல் ஆட்காட்டி விரலின் நுனி மட்டும் துண்டானால் 5. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923இன் முதல் அட்டவணையிலும், தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டம், 1948இன் இரண்டாம் அட்டவணையிலும் இந்த எண்கள் ஒன்றுபோல அச்சாகியிருக்கின்றன. 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவ்விரண்டின் இடத்துக்கு வந்துவிட்டது; இங்கே சொல்லும் இழப்பீட்டு, இ.எஸ்.ஐ. பிரிவுகள் இந்தப் பழைய சட்டங்களுடையவை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் நகரங்களில் இந்த எண்கள் வெறும் சட்ட நூல் சமாச்சாரம் அல்ல. தோலைச் சீவும் ஷேவிங் மெஷின், பிளக்கும் ஸ்ப்ளிட்டிங் மெஷின், ஷூவின் மேல்பாகத்தை வெட்டும் கிளிக்கிங் பிரஸ் எல்லாவற்றிலும் கைதான் முன்னால் நிற்கிறது. விபத்து நடந்தபின் எழும் கேள்வியோ ஒன்றல்ல, மூன்று. எதை அளக்க வேண்டும்? யார் அளக்க வேண்டும்? அளந்தது தவறென்றால் யாரிடம் முறையிடுவது? நூறாண்டுகளாகப் பதில்கள் குவிந்திருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் வேறுவேறு கேள்விக்குச் சொல்லப்பட்டவை.

அட்டவணை வந்த வழி

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884இல் கொண்டுவந்த விபத்துக் காப்பீடும், பிரிட்டனின் 1897 இழப்பீட்டுச் சட்டமும் ஒரு புதிய கொள்கையை நிலைநாட்டின. முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை, வேலையில் அடிபட்டால் போதும், இழப்பீடு உண்டு என்பதே அது. அதற்கு ஈடாகத் தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. இந்தியாவின் 1923 சட்டம் இந்த வழியில் வந்தது. இன்றைய பிரிட்டனின் தொழில் விபத்து விதிகளிலும் கட்டை விரலுக்கு 30, ஆட்காட்டி விரலுக்கு 14 என்றே இருப்பது இரண்டுக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது. பிரிட்டிஷ் எண்களுக்கு மூலம், போரில் உறுப்பிழந்த படைவீரர்களுக்கான ஓய்வூதியக் கணக்கு. துப்பாக்கி பிடித்த கைக்குப் போட்ட அளவு, ஈரத்தோல் தூக்கும் கைக்கும் வந்து சேர்ந்தது.

அட்டவணையை ஆதரிப்பவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பேரம் பேச இடமில்லை, எழுத்தறிவு இல்லாதவருக்கும் அதே எண்தான், வழக்கறிஞர் தேவையில்லை, பணம் சீக்கிரம் கைக்கு வரும். முதலாளியிடம் கூலி வாங்குபவர் முதலாளிக்கு எதிராகவே வாதாட வேண்டிய சிறு நகரத்தில் இவையெல்லாம் பெரிய வசதிகள்.

பலவீனமும் அதே இடத்தில்தான். சுண்ணாம்புக் குழியிலிருந்து எருமைத் தோலை இழுத்துப் போடுகிறவருக்குப் பிடிமானம் கட்டை விரலில் இருக்கிறது. நனைந்த தோல் வழுக்கும், கனமும் அதிகம். கட்டை விரல் இல்லாத கை அங்கே கொக்கியாகக்கூடப் பயன்படாது. அதே விரலை இழந்த கணக்குப்பிள்ளை மறுமாதம் தன் மேசைக்குத் திரும்பிவிடலாம். அட்டவணைக்கு இருவரும் ஒன்று.

தச்சரின் கை

இந்தக் குறையைச் சுட்டியவர்கள், உடலை விட்டுவிட்டுத் தொழிலை அளக்கச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்தில் இதன் தொடக்கப்புள்ளியாகப் பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீனிவாஸ் சபதா வழக்கைச் சொல்வது வழக்கம். திரையரங்கில் மர அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968இல் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி 70 சதவீதம்தான் என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது. எனவே இழப்பு 100 சதவீதம் என்று 1975 டிசம்பரில் தீர்ப்பளித்தது நான்கு நீதிபதிகள் அமர்வு.

பின்னர் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் (2010) தீர்ப்பு சாலை விபத்து வழக்கில் பிறந்தது என்றாலும், இன்று தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன்பும் அது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. உடல் ஊனம் எவ்வளவு, அதனால் செய்ய முடியாமல் போன வேலை என்ன, அதனால் குறைந்த வருமானம் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியே பார்க்கச் சொன்னது அந்தத் தீர்ப்பு. இடது கை போன ஓட்டுநருக்கோ தச்சருக்கோ இழப்பு ஏறக்குறைய முழுமை. வேலையில் நீடிக்கும் அரசு எழுத்தருக்கு வருமான இழப்பே இல்லாமல் போகலாம்.

பணத்தில் இந்த வித்தியாசம் எவ்வளவு? இழப்பீட்டுச் சட்டத்தில் மாத ஊதியமாக அதிகபட்சம் ரூ.15,000 எடுத்துக்கொள்ளலாம் என்பது 2020 ஜனவரியில் வந்த அறிவிப்பு. நிரந்தர முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்குக் காரணி 184.17. ஆக 9,000 × 184.17, அதாவது ரூ.16,57,530. கட்டை விரல் இழந்தவருக்கு அட்டவணைப்படி இதில் 30 சதவீதம், ரூ.4,97,259. தச்சருக்குச் சொன்னது தோல் பதனிடும் டேனரித் தொழிலாளிக்கும் பொருந்தும் என்று ஆணையர் ஏற்றால் முழுத் தொகை. ஒரே விரல், ஒரே சட்டம், இடையே பதினொரு லட்சத்துக்கு மேல்.

தொழில்வழி மதிப்பீட்டுக்கும் குறை உண்டு. மருத்துவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும், குறுக்கு விசாரணை நடக்கும், காப்பீட்டு நிறுவனம் உயர் நீதிமன்றம் போகும். உண்மை நிலவரத்தைத் தீர்மானிப்பதில் ஆணையரே கடைசி அதிகாரி, சட்டக் கேள்வி இல்லாமல் உயர் நீதிமன்றம் சதவீதத்தை மாற்றக்கூடாது என்று கொல்லா ராஜண்ணா வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பின்னும் மேல்முறையீடுகள் நின்றுவிடவில்லை. முடிவு தொழிலாளிக்குச் சாதகமாக இருந்தாலும் அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுவதால், பலர் விபத்து நடந்த வாரமே ஒரு தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு பேசி முடித்துவிடுகிறார்கள். ஆணையரிடம் பதிவு செய்யாத அத்தகைய உடன்படிக்கை முதலாளியின் பொறுப்பைத் தீர்த்துவிடாது என்று சட்டம் சொல்கிறது. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டவருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால்

மேலே சொன்ன லட்சக் கணக்கு ஆம்பூரின் பெரிய ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. இ.எஸ்.ஐ.யில் காப்பீடு செய்யப்பட்டவர் 1923 சட்டத்தின் கீழ் முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, ஏ. டிரெகான் வழக்கில் (1996) உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோர் இந்த வரம்புக்குள் வருகிறார்கள். மாற்றுத்திறனாளி ஊழியருக்கு வரம்பு ரூ.25,000.

இ.எஸ்.ஐ. தருவது ஒரே தவணைத் தொகையல்ல, ஆயுள் முழுதும் வரும் பணம். முழு ஊனத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். பகுதி ஊனத்துக்கு அந்தச் சதவீத அளவில். நாளொன்றுக்கு 500 ரூபாய் வாங்கியவரின் கட்டை விரல் போனால் தினம் 135 ரூபாய், மாதம் சுமார் 4,000. நாற்பது வயதில் தொடங்கினால் இது சிறு தொகையல்ல என்பது இ.எஸ்.ஐ. ஆதரவாளர்களின் பதில், அதில் நியாயமும் உண்டு.

சதவீதத்தைத் தீர்மானிப்பது மருத்துவக் குழு. அதன் முடிவு பிடிக்காவிட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம், அங்கிருந்து தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம். அல்லது நேரே அந்த நீதிமன்றம். அதன் பிறகு, சட்டக் கேள்வி இருந்தால் மட்டும், அறுபது நாளுக்குள் உயர் நீதிமன்றம். காயத்தின் விளைவு பின்னாளில் மோசமானால் 55ஆம் பிரிவின் கீழ் மறு ஆய்வும் கேட்கலாம். காகிதத்தில் இது தாராளமான ஏற்பாடு.

54ஏ பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சிறிய சதவீதம் பெற்றவர்கள் தினப் பணத்துக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்ள வழியுண்டு. மருத்துவக் குழு சொன்ன சதவீதத்தை வைத்து விண்ணப்பித்து அந்தத் தொகையை வாங்கிவிட்டால், அந்தச் சதவீதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை போய்விடும். மகளின் கல்யாணத்துக்கோ கடனுக்கோ மொத்தப் பணம் தேவைப்படுபவர்தான் இந்த வரியில் அதிகம் சிக்குவார். சட்டத்தின் நோக்கம் வழக்குகளுக்கு ஒரு முடிவு காண்பதாக இருக்கலாம். ஆனால் சுமை விழுவது, காத்திருக்க வசதியில்லாதவர் மேல்.

நாற்பதின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

மூன்றாவது அளவுகோல் வேறு துறையிலிருந்து வருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகை இயலாமைகளைப் பட்டியலிட்டு, 40 சதவீதத்தைப் பெரும்பாலான சலுகைகளுக்கு வாசற்படியாக வைத்தது. மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்களில் கட்டை விரல் முழுமையாகப் போனாலும் 30 சதவீத அளவில்தான் நிற்கும். ஆக, இ.எஸ்.ஐ.யில் ஆயுள் முழுக்கப் பணம் பெற்றுத்தரும் அதே 30, ஓய்வூதியம் கேட்டுப் போகும் வட்டாட்சியர் அலுவலகத்தில் தள்ளுபடிக்குக் காரணமாகிறது. இரண்டு அலுவலகங்களும் தம் சட்டப்படி சரியாகவே நடந்துகொண்டிருக்கின்றன. தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று தொழிலாளி நினைப்பதும் இயல்பே.

தமிழ்நாட்டில் வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் ரூ.1,500 ஆகவும், கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தொழுநோய் பாதிப்பு உள்ளிட்டோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை ரூ.2,000 ஆகவும் உயர்ந்தன. கடும் பாதிப்பு என்பதற்கு 75 சதவீதம். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கோ 80. ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு உயரத்தில் வாசற்படி வைத்திருப்பதால், 39க்கும் 40க்கும், 74க்கும் 75க்கும் இடையிலான ஒரு புள்ளிக்காகவே மேல்முறையீடுகள் எழுகின்றன.

சதவீதத்தை எதிர்க்க 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதிகாரியையும் காலக்கெடுவையும் மாநில அரசு வரையறுக்கும். ஓய்வூதியம் மறுக்கப்பட்டதை எதிர்ப்பது தனி வழி: கோட்டாட்சியர், ஆட்சியர், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் மனு. சதவீதம் தவறென்று ஆட்சியரிடம் மனு கொடுத்தால் அது சுற்றிச் சுற்றி மருத்துவமனைக்கே போய்ச் சேரும். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் இன்னொரு குழப்பமும் கூடியது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். பக்கத்துப் பேரணாம்பட்டு வேலூர். பேரணாம்பட்டில் குடியிருந்து ஆம்பூரில் வேலை பார்ப்பவருக்குச் சான்றிதழ் ஒரு மாவட்டத்தில், விபத்து நடந்த இடம் இன்னொன்றில். இழப்பீட்டு வழக்கைப் பொறுத்தவரை, விபத்து நடந்த இடம், குடியிருக்கும் இடம் இரண்டில் எதிலும் மனு போடலாம் என்று சட்டம் இளக்கம் காட்டுகிறது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து டேனரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது உதவும்.

இருபத்தொரு வகைப் பட்டியலிலும் ஓட்டைகள் உண்டு. அமில வீச்சுக்கு ஆளானவர்கள் அதில் இருக்கிறார்கள். ஆனால் வரையறை, வன்முறைத் தாக்குதலில் அமிலம் வீசப்பட்டு உருக்குலைந்தவர் என்கிறது. டிரம்மில் அமிலம் ஊற்றும்போது முகத்தில் தெறித்தவர் அந்த வகைக்குள் வரமாட்டார். பார்வை போயிருந்தாலோ கை கால் முடங்கியிருந்தாலோதான் வேறு தலைப்பில் இடம் கிடைக்கும்.

வேலூருக்கே இந்த விவாதத்தில் ஒரு பங்கு உண்டு. தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் வேலை செய்யவைத்த பால் பிராண்ட் பணியாற்றியது இங்கே, சி.எம்.சி. மருத்துவமனையில். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தபின்னும் அறுவை மருத்துவராகத் தொடர்ந்த மேரி வர்கீஸின் பெயரில் மறுவாழ்வுத் துறை வளர்ந்ததும் இங்கேதான். கை எவ்வளவு போயிற்று என்பதைவிடக் கையால் இன்னும் என்ன முடியும் என்று பார்க்கும் மருத்துவம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் வேரூன்றியது. அரசுச் சான்றிதழில் அந்தப் பார்வைக்கு ஒரு கட்டம் இல்லை.

நோய் என்றால் கதை வேறு

எந்திரத்தில் விரல் போனால் சாட்சி உண்டு. கைத்தோல் உரிந்து புண்ணானால்? ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலம் போய், 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின் பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுதும் முடித்த தோலுக்கு இந்த நகரங்கள் மாறியதோடு குரோமியத்தால் பதனிடுவதும் பரவியது. பாலாற்றுக்கு நேர்ந்ததை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டின் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் விரிவாகப் பேசியது. ஆற்றுக்கும் நிலத்துக்கும் கிடைத்த அந்தக் கவனம் டேனரித் தொழிலாளியின் கைத்தோலுக்குக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. குரோமியத்தாலும் அதன் நச்சுச் சேர்மங்களாலும் வரும் நோய்கள் தொழில்நோய்ப் பட்டியலின் இரண்டாம் பகுதியில் இருக்கின்றன. ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்திருந்தால், வேலையால் வந்த நோயாகவே கொள்ள வேண்டும். மறுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. பட்டியலில் இல்லாத நோய்க்கோ நிரூபிக்கும் சுமை முழுதும் தொழிலாளி தலையில்.

இந்த ஆறு மாதத்தில்தான் பலரும் விழுகிறார்கள். ஒப்பந்தக்காரர் மாறுவார், பெயர் பதிவேட்டில் இருக்காது, இரண்டு மாதம் ஒரு டேனரி, மூன்று மாதம் இன்னொன்று. தொடர்ச்சியைக் காட்டும் காகிதம் முதலாளி தரப்பிடம்தான் இருக்கும். சட்டம் சாதகமாக வைத்த அனுமானத்தைப் பயன்படுத்தும் முதற்படியே எட்டாமல் போகிறது.

அட்டையில் பெயர் இல்லாதவர்கள்

ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பெங்களூரிலுள்ள சிவிடெப் உள்ளிட்ட அமைப்புகள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இவர்களின் நிலையைப் பதிவுசெய்தது. கண், விரல், கழுத்து, முதுகு என்று தேய்மானம் மெல்ல வரும். இவர்களுக்கு எதிர்க்க ஒரு முடிவே கிடைப்பதில்லை, ஏனெனில் விண்ணப்பிக்கவே வழியில்லை.

வீட்டில் பீடி சுற்றுவோரும் ஊழியரே, சரியில்லாத பீடியைத் தள்ளும் உரிமை முதலாளியிடம் இருப்பதே கட்டுப்பாட்டுக்குச் சான்று என்று பி.எம். பட்டேல் வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம் வைப்புநிதிச் சட்டத்தின் கீழ் சொன்னது. பீடித் தொழிலும் நிறைந்த இதே வட்டாரத்தில் அந்த வாதத்தை ஷூ தைப்பவர்களுக்கும் நீட்டலாம் என்பது ஒரு தரப்பு. வீட்டிலிருந்து உழைப்போரை அமைப்புசாராத் தொழிலாளர் வரிசையில் வைத்துத் தனித் திட்டம் தரலாம் என்பது மறுதரப்பு. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 இரண்டாவதையே பின்பற்றுகிறது. தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்திருந்தால் விபத்து ஊனத்துக்கு உதவி கிடைக்கும். அது ஒருமுறை கிடைக்கும் உதவி. இ.எஸ்.ஐ.யின் ஆயுள் பணத்தோடு அதை ஒப்பிட முடியாது.

எல்லைக்கு அப்பால்

பேரணாம்பட்டிலிருந்து மலையேறினால் ஆந்திரம். அங்கே மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2024இல் ரூ.6,000 ஆனது. தமிழ்நாட்டிலும் அதே தொகை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் போராடி வருகின்றன. தொகை உயர்ந்ததும் ஆந்திர அரசு சான்றிதழ்களை மறுபடி சோதித்தது. 2025இல் பலருக்குத் தகுதியில்லை என்று நோட்டீஸ் போனது, எதிர்ப்பு கிளம்பியது, மேல்முறையீட்டுக்கு வாய்ப்பளிக்க வேண்டியதாயிற்று. தொகை கூடினால் சதவீதத்தின் மேல் சந்தேகமும் கூடும் என்பதை அது காட்டுகிறது. தமிழ்நாடு தொகையை உயர்த்தும் நாளில் மேல்முறையீட்டு ஏற்பாடும் தயாராக இருக்க வேண்டும்.

பிரிட்டன் 2013இல் புதிய ஊன உதவித்தொகையோடு, தீர்ப்பாயம் போகும் முன் துறையே ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தையும் கொண்டுவந்தது. தீர்ப்பாயம் வரை போனவற்றில் பாதிக்கு மேல் விண்ணப்பதாரர் பக்கமே முடிந்தன. தீர்ப்பாயம் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. முதல் முடிவே மோசம் என்பதற்கான சான்று அது என்போரும் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். பாதியில் களைத்து விட்டுவிட்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

தீராத கேள்விகள்

சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கக்கூடாது, அவரால் செயல்பட முடியுமா என்றே பார்க்க வேண்டும் என்று ஓம்கார் கோண்ட் வழக்கில் (2024) உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மருத்துவப் படிப்பில் இடம் கேட்ட மாணவரின் வழக்கு. வாய்ப்புக் கேட்பவருக்குச் சொன்ன அந்த நெறி, உதவித்தொகை கேட்பவருக்கும் பொருந்துமா? பொருந்தினால் 35 சதவீதச் சான்றிதழோடு எந்த வேலையும் செய்ய முடியாமல் இருக்கும் டேனரித் தொழிலாளிக்கு வழி திறக்கும். அதே நெறி, 60 சதவீதம் இருந்தும் வேலை பார்ப்பவரின் பணத்தை நிறுத்தவும் பயன்படலாம். இரண்டாவது அபாயத்தை மாற்றுத்திறனாளி இயக்கங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஊனத்தால் கூடும் செலவு வேலை கிடைத்தவுடன் மறைந்துவிடுவதில்லை என்பது அவர்கள் வாதம்.

அடுத்து, 1923, 1948 சட்டங்களை உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைச் சிந்தனை அதிலும் தொடர்கிறது. தச்சர் வழக்கு முதல் வளர்ந்த தொழில்வழி விளக்கம் புதிய சட்டத்தின் கீழும் அதே வலிமையோடு நிற்குமா என்பதை இனி வரும் தீர்ப்புகள்தான் சொல்ல வேண்டும்.

இருக்கிற மூன்று அளவுகோல்களையும் ஒன்றாக்கிவிடலாம் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேலை விபத்துக்கு முதலாளி தரும் ஈடும், வறுமைக்கு அரசு தரும் உதவியும் ஒரே எண்ணில் அடங்குமா என்பது ஐயமே. அதைவிட எளிதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மறுக்கும் ஒவ்வொரு அலுவலகமும், எதை அளந்து மறுத்தது, எங்கே எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுப்பது. சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம், ஓர் அரசாணையே போதும்.

அதுவரை தொழிலாளி செய்யக்கூடியது, முடிவை எழுத்தில் தேதியோடு கேட்டு வாங்குவதும், மொத்தத் தொகைக்குக் கையெழுத்திடும் முன் ஒருவரிடம் கேட்பதும். கேட்க ஆள் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. விண்ணப்பத்தை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழுவிலோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ கொடுக்கலாம்.